வீல்ஹவுஸ் ஜன்னலுக்கு எது சரி: பாலிகார்பனேட்டா, அக்ரிலிக்கா, கண்ணாடியா?

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு அதுவே போதும். சுக்கானுக்கு நேர் எதிரே இருக்கும் முன் ஜன்னல்களுக்கு லாமினேட்டட் கண்ணாடி (நடுவே படலம் வைத்து இரண்டு தாள்களை ஒட்டியது). பக்க ஜன்னல்களுக்குக் காஸ்ட் அக்ரிலிக் (அச்சில் ஊற்றிய ஒளிபுகும் பிளாஸ்டிக்). பின்கதவில் உள்ள சின்ன ஜன்னலுக்கு மட்டும் பாலிகார்பனேட், அதுவும் ஒளிபுகும் பிளாஸ்டிக்தான். என் படகின் வீல்ஹவுஸில், அதாவது சுக்கான் பிடிக்கும் அறையில், இப்போது இந்த மூன்றும் இருக்கின்றன. வெயில், மழை, உப்புக்காற்று, இரவு என்று எல்லாவற்றிலும் மூன்றையும் பார்த்தாகிவிட்டது.

ஒரே பொருளை எல்லா ஜன்னலுக்கும் போடுவதுதான் பொதுவான பழக்கம். ஒரு பெரிய ஷீட்டை வாங்கி, தேவைக்கு வெட்டி, வேலையை முடித்துவிடலாம். ஆனால் முன் ஜன்னல் செய்ய வேண்டிய வேலை வேறு, பக்க ஜன்னல் செய்ய வேண்டிய வேலை வேறு. முன் ஜன்னலில் வைப்பர் ஓடுகிறது, அலை நேராக வந்து அடிக்கிறது, இரவு முழுக்க அதன் வழியாகத்தான் பார்க்கிறோம். பக்க ஜன்னல்கள் பெரியவை, உயரத்தில் இருப்பவை. அங்கே எடை முக்கியம். இதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிக் குழப்பம் "எது உடையாது?" என்ற கேள்வியால் வருவது. ஜன்னல் மாற்றப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. என் படகில் முன்பு இருந்த ஜன்னல்களில் ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. எல்லாமே முழுசாக இருந்தன. ஆனாலும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருந்தது, ஏனென்றால் அவற்றின் வழியே பார்க்க முடியவில்லை. முன்புறம் பழைய பாலிகார்பனேட், மஞ்சள் ஏறி, வைப்பர் போன பாதையெல்லாம் அரை வட்டக் கீறல்களாக இருந்தது. பக்கங்களில் அக்ரிலிக். போல்ட் போட்ட ஒவ்வொரு துளையைச் சுற்றியும் முடி போன்ற விரிசல்கள் கிளம்பி நடுப்பகுதிவரை வந்திருந்தன. மாலை வெயில் எதிரே இருந்தால் ஜன்னல் முழுவதும் வெள்ளைத் திரையாகிவிடும். இரவில் எதிரே வரும் படகின் விளக்கு அந்தக் கீறல்களில் பட்டுச் சிதறி, சிவப்பா பச்சையா, அதாவது அது எந்தப் பக்கத்தைக் காட்டி வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு ஒளிக்குழம்பாகத் தெரியும். 1972ஆம் ஆண்டின் கடல்வழி மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, கண்ணாலும் காதாலும் எப்போதும் சரியான கண்காணிப்பு இருக்க வேண்டும் என்கிறது. அதற்குக் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்ட வேண்டிய நிலை வந்துவிட்டால், அந்த ஜன்னல் உடையாமல் இருந்து என்ன பயன்?

அதனால் நான் ஒவ்வொரு பொருளையும் எடை போட்டது ஒரே கேள்வியால்தான்: ஐந்தாறு வருடம் கழித்து, மழை பெய்யும் இரவில், இதன் வழியாக எனக்கு என்ன தெரியும்?

பாலிகார்பனேட்டிலிருந்து தொடங்குகிறேன், அதைத்தான் எல்லோரும் முதலில் பரிந்துரைக்கிறார்கள். 1953இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியாகக் கண்டுபிடித்த பொருள் இது. மேக்ரோலான், லெக்ஸான் என்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவை. அடியைத் தாங்கும் சக்தியில் இதற்கு இணையான ஒளிபுகும் பொருள் கிடைப்பது கடினம். அடித்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். கலகத் தடுப்புக் கேடயங்களை இதில் செய்வதற்கு அதுதான் காரணம்.

ஆனால் அந்த நெளிவுதான் ஜன்னலில் தொந்தரவு. ஒரே தடிமனில் எடுத்துக்கொண்டால், அக்ரிலிக்கைவிட பாலிகார்பனேட் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக வளையும். கண்ணாடியோடு ஒப்பிட்டால் அதன் விறைப்பு ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். ரப்பர் பீடிங்கில் (ஓரத்தைப் பிடிக்கும் பட்டை) உட்கார வைத்த மெல்லிய பாலிகார்பனேட் மீது ஒரு பெரிய அலை விழுந்தால், ஷீட் உடையாது. நடுவில் குழிந்து, ஓரங்கள் பீடிங்கிலிருந்து நழுவி, முழு ஷீட்டும் உள்ளே வந்து விழும். உடையாத ஜன்னல் உள்ளே வந்து விழுந்தாலும் தண்ணீருக்குத் திறந்த வழிதான். இதைப் போடுவதென்றால் தடிமனையும் கூட்ட வேண்டும், ஓரத்தில் பிடிப்பு ஆழத்தையும் கூட்ட வேண்டும்.

அடுத்தது கீறல். சாதாரண பாலிகார்பனேட் மிக மென்மையானது. காய்ந்த உப்பையும் அதோடு ஒட்டிய மண்துகளையும் துணியால் ஒரு தடவை துடைத்தாலே கோடு விழும். இதற்காகவே மேலே கடினப் பூச்சு பூசிய ரகம் வருகிறது. வாங்குவதென்றால் அதைத்தான் வாங்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் பூசியதை. பூச்சு உள்ளவரை நன்றாகவே உழைக்கும். ஆனால் அதில் ஒரு ஆழமான கீறல் விழுந்துவிட்டால், தேய்த்து மெருகேற்றிச் சரி செய்ய வழி கிடையாது. பூச்சு போன இடம் போனதுதான். பூச்சுள்ள ஷீட்டை வளைவான சட்டத்துக்கு ஏற்பச் சூடாக்கி வளைக்கவும் முடியாது. அப்புறம் வெயில். புற ஊதாக் கதிருக்குப் பாதுகாப்பு அடுக்கு இல்லாத ஷீட் சில வருடங்களில் மஞ்சளாகி மங்கிவிடும். பாதுகாப்பு அடுக்கு ஒரு பக்கம் மட்டும் உள்ள ரகமும் உண்டு. அந்தப் பக்கம் எது என்று மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் உரித்துவிட்டால் வெளிப்பக்கம் எது, உட்பக்கம் எது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. உரிப்பதற்கு முன்பே மூலையில் ஒரு சின்ன டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயத்தை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. கடலில் பெரும்பாலோர் போலராய்டு கறுப்புக் கண்ணாடி அணிகிறோம், நீரின் பளபளப்பைக் குறைக்க. அதை அணிந்துகொண்டு பாலிகார்பனேட் வழியாகப் பார்த்தால், எண்ணெய் படர்ந்த நீரில் தெரிவது மாதிரி வானவில் நிறப் பட்டைகள் தெரியும். ஷீட் தயாரிக்கும்போது உள்ளே உறைந்துபோன இழுவிசைதான் காரணம். அரை மணி நேரத்துக்குப் பொறுத்துக்கொள்ளலாம். நாள் முழுக்கச் சுக்கான் பிடிப்பவருக்குக் கண் வலிக்கும். வாங்கும் முன் உங்கள் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு துண்டைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நான் பாலிகார்பனேட்டை முன் ஜன்னலுக்கு வேண்டாம் என்று தள்ளியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பின்கதவு ஜன்னலுக்கு அதையே போட்டிருக்கிறேன், திருப்தியாக இருக்கிறது. அது கை அகலமே உள்ள ஜன்னல், அதனால் வளைவு ஒரு பிரச்சினையே இல்லை. கதவு காற்றில் அறைந்து சாத்தும், யாராவது தூண்டில் கம்பையோ வாளியையோ இடிப்பார்கள். அடி வாங்கும் இடத்துக்கு அடி தாங்கும் பொருள்.

சரி, அக்ரிலிக்குக்கு வருவோம். இது 1930களின் கண்டுபிடிப்பு. ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ், பிரிட்டனில் பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயர்களில் வந்தது. இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மேல்மூடி பெர்ஸ்பெக்ஸில்தான் செய்யப்பட்டது. ஒளியில் 92 சதவீதத்தைக் கடத்தும். பாலிகார்பனேட் அதைவிடக் கொஞ்சம் குறைவு. வெயிலில் மஞ்சளாகாமல் நீண்ட காலம் தாங்குவது இதன் பெரிய பலம். போலராய்டு கண்ணாடி அணிந்து பார்த்தாலும் நிறப் பட்டைகள் பெரிதாகத் தெரியாது.

அதைவிடப் பெரிய பலம், கீறலை நீக்க முடியும் என்பது. ஈரமான உப்புத்தாளில் 800, 1200, 2000 என்று படிப்படியாக ஏறி, கடைசியில் மெருகுப் பசையால் தேய்த்தால் பழைய தெளிவு திரும்பி வரும். கை வலிக்கும் வேலைதான். ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் அங்கே குழி விழுந்து காட்சி நெளியும் என்பதால் அகலமாகத் தேய்க்க வேண்டும். ஆனால் ஒரு பக்க ஜன்னலை மாற்றாமல் காப்பாற்ற முடிகிறது என்றால் அந்த உழைப்பு வீண் இல்லை.

அக்ரிலிக்கில் இரண்டு வகை இருப்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அச்சில் ஊற்றி உறைய வைப்பது காஸ்ட். இயந்திரத்தில் பிதுக்கி எடுப்பது எக்ஸ்ட்ரூடட். பக்கத்தில் பக்கமாக வைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எக்ஸ்ட்ரூடட் விலை குறைவு, தடிமனும் சீராக இருக்கும். ஆனால் ரசாயனம் பட்டால் அதில் முடி விரிசல் சீக்கிரம் வரும். ரம்பத்தில் வெட்டும்போது காஸ்ட் பொடிப் பொடியாக உதிரும், எக்ஸ்ட்ரூடட் உருகி ரம்பப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். வாங்கும் இடத்தில் ஒரு வெட்டுத் துண்டு கேட்டு வாங்கி அறுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். படகுக்குக் காஸ்ட் மட்டும்தான்.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். அக்ரிலிக் முறியக்கூடியது. அடி பட்டால் பாலிகார்பனேட் போல நெளிந்து கொடுக்காது, கூரான பெரிய துண்டுகளாகப் பிளக்கும். அதிலும் எங்காவது ஒரு சின்ன வெட்டுக்காயம் இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அதனால் வெட்டிய ஓரங்களை அரத்தாலும் உப்புத்தாளாலும் வழவழப்பாக்கியே தீர வேண்டும். மூலைகள் கூராக இல்லாமல் வட்டமாக இருக்க வேண்டும். துளை போடுவது அதைவிட ஆபத்து. சாதாரண டிரில் பிட்டின் கூரான விளிம்பு உள்ளே கவ்விக்கொண்டு, மறுபக்கம் வெளியேறும் நேரத்தில் சில்லு பெயர்க்கும். அந்தச் சில்லுதான் நாளைய விரிசல். பிட்டின் வெட்டு விளிம்பைக் கொஞ்சம் மழுக்கி, பின்னால் மரக்கட்டை வைத்து, மெதுவாக இறக்க வேண்டும். துளை போல்ட்டைவிடத் தாராளமாகப் பெரிதாக இருக்க வேண்டும். கூம்புத் தலை ஸ்க்ரூ கூடவே கூடாது, அது ஆப்பு போல ஷீட்டைப் பிளந்துவிடும்.

என் பக்க ஜன்னல்களில் துளையே இல்லை. வெளிப்புறத்திலிருந்து ஃபைபர் சுவர் மீது ஒட்டியிருக்கிறேன். பழைய ஜன்னல்களில் விரிசல்கள் எங்கிருந்து கிளம்பின என்று கண்ணெதிரே பார்த்த பிறகு, மீண்டும் துளை போடும் எண்ணமே வரவில்லை.

இப்போது கண்ணாடி. மனிதர் செய்த ஒளிபுகும் பொருள்களில் பழையது, படகுக்காரர்கள் கனம் என்று ஒதுக்குவதும் இதைத்தான். கனம்தான், மறுக்கவில்லை. ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடி 2.5 கிராம், அக்ரிலிக் 1.19 கிராம், பாலிகார்பனேட் 1.2 கிராம். ஆனால் பிளாஸ்டிக்கைத் தடிமனாகப் போட வேண்டியிருப்பதால் உண்மையான வித்தியாசம் குறைந்துவிடுகிறது. 60க்கு 50 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு முன் ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மி.மீ கண்ணாடி இரண்டு சேர்ந்த லாமினேட்டட் என்றால் சுமார் 6 கிலோ. 10 மி.மீ அக்ரிலிக் என்றால் சுமார் 3.6 கிலோ. மூன்று முன் ஜன்னல்களுக்கும் சேர்த்து ஏழு கிலோவைச் சுற்றித்தான் வித்தியாசம். அதே கணக்கை மீட்டர் நீளப் பக்க ஜன்னல்கள் நான்குக்குப் போட்டால் பதினாறு கிலோ. அது நீர்மட்டத்துக்கு வெகு மேலே நிற்கும் எடை, படகின் ஆட்டத்தைக் கூட்டும். முன்புறம் கண்ணாடி, பக்கங்களில் அக்ரிலிக் என்று நான் பிரித்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். இந்தத் தடிமன்களை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறு படகு ஜன்னல்களுக்கென்றே ஐஎஸ்ஓ 12216 என்ற தரநிலை இருக்கிறது. படகின் வகை, ஜன்னல் இருக்கும் இடம், அளவு ஆகியவற்றை வைத்துத் தடிமனைக் கணக்கிடும் முறை அதில் உண்டு. திறந்த கடலுக்குப் போகும் படகுக்கும் ஏரியில் ஓடும் படகுக்கும் ஒரே எண் வராது.

கண்ணாடி எதற்கு என்றால், முதல் காரணம் வைப்பர். ரப்பர் பிளேடும் உப்பும் மணலும் சேர்ந்து ஒரே பாதையில் ஆயிரக்கணக்கான தடவை தேய்ப்பதைக் காலம் முழுக்கத் தாங்குவது கண்ணாடி மட்டும்தான். வைப்பர் உள்ள ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் வேண்டாம், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. (வைப்பருக்கு மாற்றாக, ஜன்னலுக்குள் ஒரு வட்டக் கண்ணாடி வேகமாகச் சுழன்று நீரை வீசியெறியும் அமைப்பு உண்டு. 1917இலேயே காப்புரிமை பெற்றது, பெரிய கப்பல்களில் இன்றும் பார்க்கலாம். அதிலும் சுழல்வது கண்ணாடிதான்.) இரண்டாவது காரணம் சுத்தம் செய்யும் சுதந்திரம். எந்தத் திரவம் பட்டாலும் பயமில்லை.

கண்ணாடியிலும் எது என்று பார்க்க வேண்டும். டஃபன்ட் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு வலிமையானது. சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பதால் மேற்பரப்பு இறுக்கத்தில் இருக்கும். முகத்தில் அடித்தால் நன்றாகத் தாங்கும். ஓரத்தில் ஒரு கூரான அடி பட்டால் முழுவதும் ஒரே கணத்தில் கடுகுபோல் சிதறிவிடும். துண்டுகள் கூராக இல்லாததால் காயம் குறைவு. ஆனால் அலை அடிக்கும் நேரத்தில் ஜன்னல் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை மிஞ்சும். லாமினேட்டட் கண்ணாடியில் இரண்டு தாள்களுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. விரிசல் விட்டாலும் துண்டுகள் அந்தப் படலத்தில் ஒட்டியபடி சட்டத்திலேயே நிற்கும். 1903இல் எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், கீழே விழுந்தும் சிதறாத ஒரு குடுவையைப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்த படலம்தான் காரணம் என்று கண்டதிலிருந்து தொடங்கிய யோசனை இது. நான் தேர்ந்தெடுத்தது இரண்டும் சேர்ந்தது: இரண்டு டஃபன்ட் தாள்களை லாமினேட் செய்தது. ஒன்று உடைந்தாலும் மற்றது நிற்கும். நடுவிலுள்ள படலம் புற ஊதாக் கதிரை ஏறத்தாழ முழுவதும் தடுப்பதால், உள்ளே கருவிப் பலகையும் இருக்கைத் துணியும் வெளுப்பது குறைந்திருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. போலராய்டு அணிந்தால் டஃபன்ட் கண்ணாடியிலும் மங்கலான புள்ளி வரிசைகள் தெரியும், குளிர்காற்று அடித்த இடங்களின் தடம் அது. பாலிகார்பனேட்டின் வானவில்லோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை, எனக்குப் பழகிவிட்டது. இன்னொன்று, டஃபன்ட் செய்த பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது. ஒரு மி.மீ பெரிதாக வந்தாலும் திரும்பச் செய்யத்தான் வேண்டும். அதனால் பழைய ஜன்னலை அளந்து எண்ணை எழுதிக் கொடுக்காமல், மெல்லிய பிளைவுட்டில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனி அச்சு வெட்டி, சட்டத்தில் வைத்துப் பார்த்து, சுற்றிலும் சம இடைவெளி இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே கொடுத்தேன். ஒன்றுபோல் தெரியும் மூன்று ஜன்னல்களின் அச்சுகளும் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தன. ஒவ்வொரு அச்சிலும் "வெளிப்பக்கம்", "மேல்" என்று எழுதிவையுங்கள்.

மூன்றாவது குறை லாமினேட்டட் கண்ணாடியின் ஓரம். அந்த ஓரம் தண்ணீரில் ஊறினால் படலம் வெளுத்து, தாள்கள் பிரியத் தொடங்கும். மூலைகளில் மேகம் படிந்த மாதிரி வெண்மை தெரிவது அதனால்தான். சட்டத்தின் அடிப்பள்ளத்தில் நீர் தேங்கக் கூடாது. கீழே சின்ன ரப்பர் கட்டைகள் வைத்து அவற்றின் மேல் கண்ணாடியை உட்கார வைத்து, நீர் வெளியேற வழி விட வேண்டும். என் மரச்சட்டத்தின் கீழ்விளிம்பில் இதற்கென்றே துளைகள் போட்டிருக்கிறேன். மரத்துக்கும் அதுதான் நல்லது.

நான் பார்த்த, கேள்விப்பட்ட ஜன்னல் புகார்களில் பெரும்பாலானவை கடைசியில் பொருத்திய முறையில் வந்து நின்றன. நல்ல பொருளை மோசமாக ஒட்டினால் ஒழுகும், விரியும், பழி பொருள்மீது விழும். இங்கே புரிந்துகொள்ள வேண்டியது வெப்ப விரிவு. ஒரு மீட்டர் அக்ரிலிக், வெப்பம் 40 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 2.8 மி.மீ நீளும். பாலிகார்பனேட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். கண்ணாடி 0.4 மி.மீகூட நீளாது. அதிகாலைக் குளிருக்கும் நடுப்பகல் வெயிலுக்கும் இடையே இந்த அசைவு தினமும் நடக்கிறது. போல்ட்டால் இறுக்கிக் கட்டிய அக்ரிலிக் நீள இடமில்லாமல் துளையின் விளிம்பில்தான் அந்த விசை முழுவதையும் இறக்கும். பழைய ஜன்னல்களின் முடி விரிசல்கள் அதன் விளைவு.

ஆகவே ஒட்டும் பசை ரப்பராக நீண்டு சுருங்க வேண்டும், அதற்குத் தடிமனும் வேண்டும். பசை தாள் கனத்தில் இருந்தால் எவ்வளவு நல்ல பசையும் கிழியும். நான் 3 மி.மீக்குக் குறையாமல் வைத்தேன். இருபக்கமும் ஒட்டும் ஃபோம் டேப்பை ஜன்னலின் உள்விளிம்பைச் சுற்றி ஒட்டி, அதன் தடிமனையே இடைவெளியாக்கி, வெளியே மிஞ்சும் அகலம் முழுவதும் பசையை நிரப்பினேன். டேப் பிடித்துக்கொள்வதால் இறுக்கிக் கட்டும் வேலை இல்லை, பசையும் பிதுங்கி வெளியேறாது. கிளாம்ப் போட்டு இறுக்குபவர்கள் பசையை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, துடைத்து எடுத்து, ஜன்னலைக் காய்ந்த விளிம்பில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஜன்னல் அடுத்த வெயிலுக்குத் தாங்காது.

எந்தப் பசை? கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்களுக்குப் பயன்படும் நியூட்ரல் வகை ஸ்ட்ரக்சரல் சிலிக்கோன். டௌசில் 795 படகுக்காரர்களிடையே நன்கு அறியப்பட்டது, நானும் அதைத்தான் பயன்படுத்தினேன், இதுவரை ஒரு சொட்டு இல்லை. புளிப்பு வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கோன் பாலிகார்பனேட்டுக்கும் லாமினேட்டட் கண்ணாடியின் ஓரத்துக்கும் ஆகாது. பாலிசல்ஃபைடு மரத்தளத்துக்கு அருமையானது, ஆனால் இந்தப் பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கும். பாலியூரித்தேன் பசை ஒளிபுகும் ஜன்னலின் பின்னால் வெயில் பட்டு ஒட்டுதல் இழக்கும். காரின் முன் கண்ணாடியைச் சுற்றிக் கறுப்புப் பட்டை இருப்பது அந்தப் பசையை வெயிலிலிருந்து மறைக்கத்தான். சிலிக்கோனுக்கும் ஒரு விலை உண்டு: அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் ஒட்டாது. சுற்றிலும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, பெயின்ட் வேலை எல்லாம் முடிந்த பிறகே குழாயைத் திறங்கள். பழைய பிவிசி பீடிங்கை மறுபடி பயன்படுத்த வேண்டாம், அதிலுள்ள மென்மையாக்கி கசிந்து பிளாஸ்டிக் ஷீட்டைத் தாக்கும். இபிடிஎம் ரப்பர் போதும்.

காய்ந்த பிறகு குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பீய்ச்சிச் சோதியுங்கள். மேலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது.

கறுப்புச் சாயம் ஏற்றிய ஷீட் பற்றி ஒரு வார்த்தை. வெளியிலிருந்து பார்க்க அழகு. பக்க ஜன்னலின் பின்பகுதிக்குச் சரி. முன்புறம் வேண்டாம். கப்பல்களுக்கான சோலாஸ் உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயம், 22ஆம் விதி, 1998 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னோ கட்டப்பட்ட 55 மீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமுள்ள கப்பல்களின் சுக்கான் மாடத்தில் சாயம் ஏற்றிய ஜன்னலும் போலராய்டு ஜன்னலும் கூடாது என்கிறது. முன் ஜன்னல்களின் மேல்விளிம்பு 10 முதல் 25 டிகிரிவரை முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது, உள் விளக்குகளின் பிரதிபலிப்பு கண்ணில் விழாமல் இருக்க. நம் சிறு படகுகளை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் இரவு நமக்கும் அதே இருட்டுதான். தவிர, சாயம் ஏற்றிய அக்ரிலிக் வெயிலில் கூடுதலாகச் சூடேறி, கூடுதலாக விரியும். மேலே சொன்ன கணக்கு இன்னும் மோசமாகும்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்றுதான் முக்கியம். துணி தொடுவதற்கு முன் நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கரைத்து விடுங்கள். பிறகு மிதமான சோப்பு, மென்மையான துணி. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், அசிட்டோன், பெட்ரோல், தின்னர் எதுவும் பிளாஸ்டிக் ஜன்னல் பக்கம் வரக் கூடாது. கொசு விரட்டிகளில் உள்ள டீட் என்ற ரசாயனமும் அப்படியே. அதைத் தடவிய கையோடு ஜன்னலைத் தொட்டாலே தடம் பதியும். படகில் வருகிறவர்களிடம் ஏறும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன். புதிய ஷீட்டின் பாதுகாப்புக் காகிதத்தை வேலை முடிந்த அன்றே உரித்துவிடுங்கள், வெயிலில் விட்டால் பசை இறுகி உரிக்க முடியாமல் போகும்.

அப்புறம், பாலிகார்பனேட் ஷீட்டில் மீந்த பெரிய துண்டை நான் தூக்கிப் போடவில்லை. முன் ஜன்னலைவிடச் சுற்றிலும் நாலு விரல் பெரிதாக வெட்டி, ஓரத்தில் துளைகள் போட்டு, அதற்குப் பொருந்தும் போல்ட்டுகளையும் குறுக்குக் கட்டைகளையும் ஒரு பையில் கட்டி, படுக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஜன்னல் உடைந்தால் வெளியிலிருந்து வைத்து, உட்பக்கக் கட்டைகளோடு இழுத்து முறுக்கிவிடலாம். அதில் கீறல் இருந்தாலும், வானவில் தெரிந்தாலும் கவலையில்லை. கரை சேரும்வரை தண்ணீர் உள்ளே வராமல் இருந்தால் போதும், அந்த வேலைக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. மூன்று முன் ஜன்னலுக்கும் ஒரே மூடி பொருந்துகிற மாதிரி துளைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.